குளிரிலா, சூட்டிலா, நெடுநாள் நின்ற பிறகா?

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்கிறது. தன் சுழற்சியால் காற்றை இழுக்கிறது, பெட்ரோலை வரவழைக்கிறது, மின்சாரம் உண்டாக்குகிறது. தன் சூட்டாலேயே எரிபொருளை ஆவியாக்குகிறது. நின்றிருக்கும் எஞ்சினிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. சாவியைத் திருப்பிய முதல் சில விநாடிகளில் சுழற்சியும் பொறியும் பேட்டரியிலிருந்து வர வேண்டும். பெட்ரோல், கடைசியாக ஓடியபோது மிச்சம் வைத்துப்போனதிலிருந்து வர வேண்டும். ஓடும்போது வெளியே தெரியாத சின்னச் சின்னக் குறைகள் எல்லாம் அந்தச் சில விநாடிகளில்தான் தெரிய வருகின்றன.

மோட்டார்ஹோம் என்னும் நடமாடும் வீட்டில் இந்தச் சிக்கல் மற்ற வண்டிகளைவிட அதிகம். அதற்குக் காரணம் அந்த வண்டி வாழும் வாழ்க்கை. குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் அசையாமல் நிற்கிறது. கோடை பிறந்ததும் வீட்டுச் சாமான்களோடு மலையேறுகிறது. எஞ்சின் காற்றோட்டமான முகப்பில் இல்லாமல் வீட்டுத் தரைக்குக் கீழே அடைபட்டுக் கிடக்கிறது. டாங்க்கோ பல அடி தள்ளிப் பின்னால் இருக்கிறது. நெடுநாள் ஓய்வு, கடும் சுமை, அடைபட்ட சூடு, நீண்ட பெட்ரோல் குழாய் என்ற நான்கும் ஒரே வண்டியில் சேர்ந்துவிடுகின்றன.

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973 முதல் 1978 வரை ஜி.எம்.சி. மோட்டார்ஹோம் என்ற வண்டியை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பான்டியாக் நகரில் தயாரித்தது. 23 அடி, 26 அடி என இரண்டு நீளங்களில் அது வந்தது. முன்சக்கரங்களே இழுக்கும் அமைப்பு என்பதால் அதன் தரை மிகத் தாழ்வானது. சுமார் 13,000 வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றை அக்கறையாகப் பராமரிக்கும் உரிமையாளர்கள் அமெரிக்கா முழுவதும் இருக்கிறார்கள்.

முதல் சில ஆண்டுகளில் அதற்குள் இருந்தது ஓல்ட்ஸ்மொபைல் 455 எஞ்சின். எட்டு சிலிண்டர், 7.5 லிட்டர். 1977-இல் அதன் இடத்துக்கு 6.6 லிட்டர் எஞ்சின் வந்தது. இரண்டின் மேலும் உட்கார்ந்திருந்தது ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் என்ற நான்கு வாய்க் கார்புரேட்டர். எஞ்சினைப் பார்க்க வேண்டுமானால் வண்டிக்குள்ளே நுழைந்து, ஓட்டுநர் இருக்கைக்கு அருகே தரையிலுள்ள மூடியைத் தூக்க வேண்டும். பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியது. கேம் ஷாஃப்ட் சுற்றச் சுற்ற அது இயங்கும். எஞ்சினை ஸ்டார்ட் செய்வதன் இயற்பியல் முழுவதையும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வண்டி கிடைக்காது.

முதல் கேள்வி: எப்போது?

'வண்டி சரியாக ஸ்டார்ட் ஆகவில்லை' என்று ஒருவர் சொன்னால், நல்ல மெக்கானிக் ஸ்பேனரைத் தொடமாட்டார். எப்போது ஸ்டார்ட் ஆகவில்லை என்று கேட்பார். மூன்று வாரம் நிறுத்தி வைத்த பிறகா? குளிரான காலையிலா? மலையேறி வந்து, பெட்ரோல் பங்க்கில் அரை மணி நேரம் நிறுத்திய பிறகா? மூன்றும் வெவ்வேறு நோய்கள். வெளியே தெரியும் அறிகுறி ஒன்றாக இருப்பதால்தான் பலரும் ஒரே நோய் என்று நினைத்துக் கைக்குக் கிடைத்த பாகத்தை எல்லாம் மாற்றுகிறார்கள்.

அடுத்த கேள்வி: சாவியைத் திருப்பினால் செல்ஃப் எப்படிச் சுற்றுகிறது? மெதுவாகச் சுற்றினால் கோளாறு மின்சாரத்தில். வேகமாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பொறி, பெட்ரோல், கம்ப்ரஷன் ஆகிய மூன்றில் ஒன்று குறைகிறது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியை மல்டிமீட்டரும் பொறுமையும் முடித்துவிடும்.

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால்

பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளாண்டே 1859-இல் ஈய-அமில பேட்டரியை உருவாக்கினார். மின்சார ஸ்டார்ட்டரோடு விற்பனைக்கு வந்த முதல் கேடிலாக் கார் 1912-ஆம் ஆண்டு மாடல். அதன் பின்னால் இருந்தவர் சார்லஸ் கெட்டரிங். இந்த இரண்டும் சேர்ந்த ஏற்பாடுதான் நூறாண்டு கடந்தும் வண்டிகளைக் கிளப்பிக்கொண்டிருக்கிறது.

12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். எனவே முழுதும் ஏறிய பேட்டரி, சில மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 காட்டினால் பாதிதான் இருக்கிறது. 12.0 என்றால் கால்பங்கு. இந்த எண்களுக்கிடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது. '12 வோல்ட் காட்டுகிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது' என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மோட்டார்ஹோமில் பேட்டரி ஏன் இறங்குகிறது? கடிகாரம், ரேடியோ, கேஸ் கசிவைக் காட்டும் கருவி போன்றவை வண்டி நிற்கும்போதும் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்பது கவனத்துக்கே வராத அளவு. ஆனால் அது ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை அது 25 நாட்களில் தின்றுவிடும். இறங்கிய நிலையிலேயே பேட்டரி கிடந்தால் தகடுகளில் படிந்த ஈய சல்பேட் கெட்டியான படிகங்களாகிவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. குளிர்நாடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முழுதும் ஏறிய பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. இறங்கிய பேட்டரியில் அமிலம் கிட்டத்தட்ட தண்ணீராகிவிடுவதால் மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறைந்து உடலை வெடிக்க வைக்கும். நிறுத்தும் நாளில் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றைப் போடுவதும், மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுவதும் இதற்கு மருந்து.

மோட்டார்ஹோமில் இரண்டு பேட்டரி அமைப்புகள் உண்டு. ஒன்று எஞ்சினுக்கு, மற்றொன்று வீட்டு விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும். அவசரத்துக்கு இரண்டையும் இணைக்கும் பூஸ்ட் சுவிட்ச் ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும். அதுவே நல்ல சோதனைக் கருவி. பூஸ்ட்டை அழுத்தியதும் செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றினால், எஞ்சின் பேட்டரிதான் பலவீனம். அழுத்தியும் அதே மந்தம் என்றால், கோளாறு பேட்டரிக்கு அப்பால், கேபிளிலோ எர்த்திலோ செல்ஃப் மோட்டாரிலோ இருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே ஓம் விதி நேரடியாக வேலைக்கு வருகிறது. பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் சுமார் 200 ஆம்பியர் எடுக்கும். டெர்மினலில் பூத்த பச்சை உப்பாலோ துருப்பிடித்த எர்த் போல்ட்டாலோ 0.01 ஓம் தடை சேர்ந்தால் என்ன ஆகும்? 200-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 2 வோல்ட். செல்ஃப் மோட்டாருக்குப் போக வேண்டிய 2 வோல்ட் வழியிலேயே காணாமல் போய், அந்த இணைப்பில் 400 வாட் சூடாக மாறுகிறது. ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவுகோல் காட்டவே காட்டாது. மின்சாரம் பாயும்போதுதான் அது வெளிப்படும்.

ஆகவே சோதனையை இப்படிச் செய்ய வேண்டும். இக்னிஷனைத் துண்டித்து எஞ்சின் பிடிக்காமல் செய்துவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் கம்பத்திலேயே வைக்கவும். மறுமுனை செல்ஃப் மோட்டாரின் டெர்மினலில். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் தடை இருக்கிறது. பிறகு நெகட்டிவ் கம்பத்துக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அதே சோதனை. எர்த் பக்கத்தில் இதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். அலுமினியமும் ஃபைபர்கிளாஸும் கலந்த உடல், எஃகுச் சட்டம், அரை நூற்றாண்டு வயது எல்லாம் சேர்ந்த வண்டியில் எர்த் கோளாறைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சுரண்டிச் சுத்தம் செய்த ஒரு போல்ட், புது செல்ஃப் மோட்டார் வாங்கும் செலவை மிச்சப்படுத்தியதுண்டு.

பொறி வருகிறதா?

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. இப்போது பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிளக் வயரைக் கையில் பிடித்துப் பார்க்கும் பழைய வழக்கம் வேண்டாம். 1970-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த ஹெச்.இ.ஐ. என்ற மின்னணு இக்னிஷன் பல்லாயிரம் வோல்ட் தரக்கூடியது. அதைக் கையால் சோதிப்பது ஆபத்து. வயரைத் திறந்த வெளியில் தொங்கவிட்டால் மாட்யூலும் கெடலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்பார்க் டெஸ்டர் போதும்.

அதற்கு முந்தைய பாயின்ட் வகை வண்டிகளில் ஓர் அழகான அறிகுறி உண்டு. அவற்றின் காயில் முழு 12 வோல்ட்டில் தொடர்ந்து ஓடினால் சூடாகிவிடும் என்பதால், தடைக்கம்பி வழியாகக் குறைந்த வோல்ட் கொடுப்பார்கள். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் தடையைத் தாண்டி நேரடியாக முழு வோல்ட் போகும். அந்த நேரத்தில் பேட்டரி தளர்ந்திருப்பதை ஈடுகட்டவே இந்த ஏற்பாடு. எஞ்சின் சாவியை விடும் கணத்தில் மட்டும் பிடித்தால், நேரடி வயர் அறுந்திருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது பிடித்து, சாவியை விட்டதும் அணைந்தால் தடைக்கம்பியின் பாதை அறுந்திருக்கிறது. எதையும் கழற்றாமல், காதால் கேட்டே இரண்டையும் பிரித்துவிடலாம்.

மூன்று வாரம் நின்ற வண்டி

பேட்டரி சரி, பொறியும் சரி. ஆனாலும் சில வாரம் நின்ற பிறகு நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது. ஒருமுறை பிடித்துவிட்டால் அன்று முழுவதும் தொல்லையே இல்லை. குவாட்ராஜெட் வைத்த மோட்டார்ஹோம்களில் பரவலாகக் கேட்கும் புகார் இது.

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் சிறு கிண்ணம் ஒன்று உண்டு. அதில் பெட்ரோல் இருந்தால் ஓரிரு சுற்றில் எஞ்சின் பிடிக்கும். கிண்ணம் வறண்டிருந்தால், பின்னால் தொலைவிலிருக்கும் டாங்க்கிலிருந்து பம்ப் புதிதாக இழுத்துவர வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சுற்று சுற்றும். கேம் ஷாஃப்ட் அதில் பாதி. ஆக, பம்புக்கு நிமிடத்துக்கு 100 அசைவுதான் கிடைக்கிறது. எஞ்சின் ஓடும்போது கிடைப்பதில் இது சிறு பங்கு. நீண்ட குழாயை நிரப்பி, கிண்ணத்தையும் நிரப்பி முடிக்கும்வரை பேட்டரி இறங்கிக்கொண்டே போகும்; செல்ஃப் மோட்டார் சூடேறிக்கொண்டே போகும்.

கிண்ணம் வறண்டதா என்று அறிய ஒரு நிமிடம் போதும். எஞ்சினை அணைத்த நிலையில் ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் லீவரைக் கையால் தள்ளவும். முன்பக்க வாய்கள் இரண்டிலும் பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீய்ச்ச வேண்டும். தாரை வரவில்லை என்றால் பெரும்பாலும் கிண்ணம் காலி. தாரை வந்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் தேட வேண்டிய இடம் வேறு.

பெட்ரோல் எங்கே போனது? இங்கே காலம் சாட்சி சொல்லும். ஒரே இரவில் வறண்டால் கசிவு. குவாட்ராஜெட்டின் அடிப்பகுதியில் தயாரிக்கும்போது துளையிட்டு அடைத்த மூடிகள் உண்டு. வயதானால் அவற்றின் வழியே பெட்ரோல் சொட்டுச் சொட்டாக இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இறங்கும். கார்புரேட்டரைக் கழற்றி அந்த மூடிகளை எரிபொருளைத் தாங்கும் எபாக்ஸியால் அடைப்பது இதற்குத் தெரிந்த வைத்தியம். இரண்டு மூன்று வாரத்தில் வறண்டால் அது ஆவியாதல். பழுதே இல்லை, பெட்ரோலின் இயல்பு அதுதான்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, அதுதான் கண்ணுக்குத் தெரியாதது. டாங்க்கிலிருந்து பம்ப் வரை உள்ள குழாயில் பெட்ரோல் இழுக்கப்படுகிறது, தள்ளப்படுவதில்லை. அந்த ரப்பர் குழாயில் ஊசித்துளை இருந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாமல் காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டும் இராது, வாசனையும் வராது. எஞ்சின் நின்றதும் குழாயிலிருந்த பெட்ரோல் டாங்க்குக்கே திரும்பிவிடும். இன்றைய அமெரிக்கப் பெட்ரோலில் பொதுவாக 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. 1970-களின் ரப்பர் அதைத் தாங்கச் செய்யப்பட்டதில்லை. எனவே பழைய வண்டி வாங்கியவர் செய்ய வேண்டிய முதல் வேலை, டாங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றுவது. ஸ்டார்ட் ஆவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை; தீ விபத்தைத் தவிர்க்கவும்தான்.

நிரந்தரத் தீர்வு, டாங்க்குக்கு அருகே ஒரு மின்சாரப் பம்ப். சாவியைத் திருப்பும் முன் சில விநாடிகள் ஓடவிட்டால் கிண்ணம் நிரம்பிவிடும். கார்புரேட்டரின் ஊசி வால்வு தாங்கும் அழுத்தம் குறைவு. 35 முதல் 45 கிலோபாஸ்கலுக்குள் தரும் பம்ப்தான் பொருந்தும். எஞ்சின் நின்றால் பம்பும் தானாக நிற்கும்படி ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக இணைப்பது கட்டாயம். இல்லாவிட்டால் விபத்தில் குழாய் அறுந்த பிறகும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கும்.

குளிர்காலக் காலை

பெட்ரோல் ஒரே திரவம் கிடையாது. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. சில 35 டிகிரியிலேயே கொதிக்கும், சிலவற்றுக்கு 200 டிகிரி வேண்டும். ஆவி மட்டுமே எரியும், திரவம் எரியாது. சூடான எஞ்சினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது முழுமையாக எரிவதற்கான எடை விகிதம். குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகும் சிறு பகுதிதான் ஆவியாகும்; மீதி மேனிஃபோல்டின் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். போதுமான ஆவி கிடைக்க வேண்டுமானால் பெட்ரோலைப் பல மடங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் சோக். காற்றின் வழியை மூடி, எஞ்சினின் இழுவிசை முழுவதையும் பெட்ரோலின் மேல் திருப்பிவிடுகிறது.

இந்த வண்டியில் சோக் தானியங்கி. விரிவடையும் அளவு வேறுபட்ட இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சுருள், குளிரில் சோக்கை மூடும். எஞ்சினின் சூடு ஏற ஏறத் திறக்கும். ஆனால் நின்றிருக்கும் வண்டியில் சோக் தானாக மூடிக்கொள்ளாது. ஆக்சிலரேட்டரை ஒருமுறை முழுதும் மிதித்து விட வேண்டும். அப்போதுதான் பிடி விலகி சோக் மூடும். இந்த ஒரு மிதி தெரியாததால் மட்டுமே 'குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டி' என்று பெயர் வாங்கிய வண்டிகள் உண்டு. மிதித்த பிறகும் சோக் தகடு மூடவில்லை என்றால், அச்சில் படிந்த பிசினைக் கார்புரேட்டர் கிளீனரால் கழுவி, சுருளின் அமைப்பைச் சரிபார்க்க வேண்டும்.

குளிரில் பேட்டரியின் வேதிவினையும் மந்தமாகிறது. மைனஸ் 18 டிகிரியில் அதன் சுழற்றும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரம் எஞ்சின் ஆயில் கெட்டியாகி, சுழற்றுவதற்கு இன்னும் அதிக விசை கேட்கும். வரவு குறையும்போதே செலவு கூடுகிறது. அதனால்தான் பேட்டரியின் மேல் அச்சிடும் குளிர் சுழற்று ஆம்பியரை மைனஸ் 18 டிகிரியில் அளக்கிறார்கள்: அந்தக் குளிரில் 30 விநாடி கொடுத்தும் 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காத அளவு மின்னோட்டம் அது.

சூட்டில் பிடிக்காத வண்டி

நன்றாக ஓடிவந்த வண்டியை நிறுத்தி, சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் ஸ்டார்ட் ஆகவில்லை. பொதுவாக மோட்டார்ஹோம் உரிமையாளரை நடுவழியில் தவிக்கவிடும் நோய் இது.

எஞ்சின் அணைந்ததும் விசிறி நிற்கிறது, தண்ணீர்ச் சுழற்சியும் நிற்கிறது. இரும்பில் தேங்கிய சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. மேலே ஏறி கார்புரேட்டரைச் சூடாக்குகிறது. அணைத்த பிறகுதான் கார்புரேட்டரின் வெப்பம் உச்சத்துக்குப் போகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிகிறது. பிளக் நனைகிறது. இதற்கான சிகிச்சை சாதாரண வழக்கத்துக்கு நேர் எதிர். ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. ஒவ்வொரு மிதியும் இன்னும் பெட்ரோலைப் பீய்ச்சும். ஒரே அழுத்தாகக் கடைசிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். காற்று வழி முழுதும் திறந்து, தேங்கிய ஆவி வெளியேறி, எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

குழாயில் நடப்பது வேறு. திரவத்தின் ஆவியழுத்தம் சுற்றியுள்ள அழுத்தத்தை எட்டினால் கொதிக்கும். பெட்ரோலின் ஆவியழுத்தத்தை 37.8 டிகிரியில் அளப்பது மரபு. அமெரிக்காவில் கோடைகால எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது சுமார் 69 கிலோபாஸ்கல் வரை இருக்க அனுமதி உண்டு. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்பதால் கவலை இல்லை. கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைத்தொடரைக் கடக்கும் ஐசன்ஹோவர் சுரங்கச்சாலை சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் 67 கிலோபாஸ்கல்தான். எஞ்சின் அறையின் சூட்டில் 38 டிகிரிதான் என்று வைத்துக்கொண்டாலும், பெட்ரோல் அங்கே குழாயிலேயே கொதிக்கத் தயாராகிறது. இழுக்கும் பம்ப் குழாயின் அழுத்தத்தை மேலும் குறைத்து அந்தக் கொதிப்புக்கு உதவி செய்கிறது. பம்புக்குள் திரவத்துக்குப் பதில் ஆவி நிறைந்தால் பம்ப் ஆவியையே அமுக்கி விரிக்குமே தவிர, பெட்ரோலை நகர்த்தாது. இதைத்தான் வேப்பர் லாக் என்கிறோம்.

குளிர்காலத்தில் விற்கும் பெட்ரோல் எளிதில் ஸ்டார்ட் ஆவதற்காகவே இன்னும் விரைவில் ஆவியாகும்படி தயாரிக்கப்படுகிறது. அதன் ஆவியழுத்தம் 100 கிலோபாஸ்கலைத் தொடலாம். டிசம்பரில் டாங்க்கை நிரப்பி நிறுத்திவிட்டு, முதல் வெயில் நாளில் வண்டியை எடுப்பவருக்கு இந்தக் கோளாறு வருவதில் வியப்பில்லை.

தீர்வும் இயற்பியலிலேயே இருக்கிறது: அழுத்தத்தைக் கூட்டு, சூட்டைக் குறை. டாங்க்கருகே வைத்த மின்சாரப் பம்ப் இழுக்காமல் தள்ளுவதால் குழாய் முழுவதும் அழுத்தம் உயர்ந்து கொதிநிலையும் உயர்கிறது. ஆவியை டாங்க்குக்கே திருப்பும் ஒரு சிறு குழாய் உதவும். கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத தட்டு, குழாய்களுக்கும் சைலன்சர் குழாய்க்கும் நடுவே தகடு ஆகியவை சூட்டைத் தடுக்கும்.

சூட்டில் மட்டும் தலைகாட்டும் வேறு இரண்டு கோளாறுகள் வேப்பர் லாக்கின் வேஷம் போடும். ஒன்று, ஹெச்.இ.ஐ. மாட்யூல். சூடானால் செயலிழந்து, ஆறினால் மறுபடி வேலை செய்யும். மற்றொன்று, செல்ஃப் மோட்டார். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். சைலன்சர் குழாய்க்கு அருகிலிருக்கும் மோட்டார் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுருளின் தடை 39 சதவீதம் கூடும். சாலினாய்டுக்குப் பற்சக்கரத்தைத் தள்ளும் வலிமை குறையும். எது குற்றவாளி என்று வீட்டுக்கு வந்து ஆற அமரச் சோதித்தால் தெரியாது. கோளாறு இருக்கும் அந்த நேரத்தில், அந்த இடத்தில் சோதிக்க வேண்டும். செல்ஃப் சுற்றுகிறதா, பொறி வருகிறதா, கார்புரேட்டர் வாயில் தாரை பீய்ச்சுகிறதா என்று மூன்றையும் பார்த்துவிட்டால் குற்றவாளி தெரிந்துவிடும். ஸ்பார்க் டெஸ்டரை வண்டியிலேயே வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

இஞ்செக்‌ஷனும் டீசலும்

கார்புரேட்டர் போய் இஞ்செக்‌ஷன் வந்த வண்டிகளில் சோக் வேலையைக் கணினி செய்கிறது. எஞ்சின் தண்ணீரின் வெப்பத்தைச் சொல்லும் சென்சார் பொய் சொன்னால், குளிர்ந்த எஞ்சினுக்குச் சூடான எஞ்சினின் அளவைக் கணினி கொடுத்துவிடும். பம்பின் ஒருவழி வால்வு கசிந்தால் இரவில் அழுத்தம் போய்விடும். சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்து, பம்ப் ஓடி நின்றதும் அணைத்து, இப்படி இரண்டு மூன்று முறை செய்த பிறகு வண்டி உடனே பிடித்தால், சந்தேகம் அந்த வால்வின் மேல்.

டீசலில் பொறியே கிடையாது. காற்றை 500 டிகிரிக்கு மேல் சூடேறும்படி அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிக்கிறார்கள். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவருக்குக் கசிந்து போய்விடும். எனவே டீசலில் பேட்டரி, குளோ பிளக், எரிபொருள் குழாயில் காற்று என்ற வரிசையில் தேட வேண்டும். குழாயின் நடுவே தெளிவான பிளாஸ்டிக் துண்டு ஒன்றைப் பொருத்தினால் காற்றுக்குமிழி கண்ணுக்கே தெரியும். குளோ பிளக்கோ, காற்றைச் சூடாக்கும் ஹீட்டரோ உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்பிரே அடிக்கவே கூடாது. ஈதர் ஏறக்குறைய 160 டிகிரியிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும், பிஸ்டன் உடைந்துவிடலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் பிடிக்காத எஞ்சினுக்குக் கடைசிச் சோதனை கம்ப்ரஷன். எல்லா பிளக்குகளையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். மிகக் குறைந்த சிலிண்டர், மிக அதிகமானதில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் எஞ்சினின் உடல்நிலை நல்லது.

கடைசியாக

மோட்டார்ஹோமில் வேலை செய்பவருக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. எஞ்சின் மூடி திறப்பது வீட்டுக்குள்ளே. அங்கே கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் இருக்கலாம், தண்ணீர் ஹீட்டர் இருக்கலாம், அவற்றில் சிறு சுடர் எரிந்துகொண்டிருக்கலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி அந்தச் சுடரைத் தேடிப்போகும். குழாயைத் தொடும் முன் கேஸ் சிலிண்டரை மூடுங்கள், எல்லாச் சுடர்களையும் அணையுங்கள், கதவு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

அதன் பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்குங்கள். எத்தனை நாள் நின்றது, வெளியே எவ்வளவு வெப்பம், எஞ்சின் சூடா குளிரா, செல்ஃப் எப்படிச் சுற்றியது, பேட்டரி எத்தனை வோல்ட், பொறி வந்ததா, தாரை பீய்ச்சியதா. ஐந்தாறு முறை எழுதினால் கோளாறின் முறை தெரிந்துவிடும். அளக்காமல் ஒரு பாகத்தையும் வாங்காதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களை மாற்றாதீர்கள். மாற்றினால் எது குணப்படுத்தியது என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். காற்றும் பெட்ரோலும் பொறியும் போதிய சுழற்சியும் உரிய அளவில் கிடைத்தால், நல்ல நிலையிலுள்ள எஞ்சின் ஸ்டார்ட் ஆகியே தீரும்.